வல்லூறின் விடுபட்ட வரிகள்

வால்யெவோ,
12 அக்டோபர் 2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

விதா எழுதிக்கொள்வது. இங்கே என் முட்டியைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கே நீ, அண்ணி, உன் ரத்த அழுத்தம் மூவரும் எப்படி? மாத்திரையை நீதான் விழுங்குகிறாயா, ஜன்னலோரச் செடிக்கு ஊட்டுகிறாயா?

உலகம் முழுக்க மின்னஞ்சலில் பேசிக்கொள்கிறது. ஒரு காலத்தில் கம்ப்யூட்டருக்கே நடந்துகொள்ளக் கற்றுக்கொடுத்த நீ மட்டும், லின்ஸ் போய் டிராம் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து விசைப்பலகையைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்து உட்கார்ந்திருக்கிறாய். சபதம் உனக்கு, கைவலி எனக்கு.

சரி, விஷயம். எந்தச் செய்தியும் முதலில் எங்கள் பல் டாக்டரின் வரவேற்பறைக்குத்தான் வரும். அதனால்தான் நான் அந்த வேலையை விடவே இல்லை. போதாததற்கு, வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் என்னை எதிர்த்துப் பேசவும் முடியாது. போன வாரம் தலைநகர்ப் பத்திரிகை ஒன்றில் பேராசிரியர் ஸ்வெடோமிர் எழுதியிருக்கிறார். நினைவிருக்கிறதா? நம் ஆலையில் கட்சிக் குழுச் செயலாளராக இருந்து, அறிக்கை வாசித்து வாசித்தே பேராசிரியர் ஆன அதே ஆள். வருகிற மே மாதம் அருங்காட்சியகத்தில் புதுக்கூடம் திறக்கிறார்களாம். நம் ஆலையின் பழைய கம்ப்யூட்டரை அங்கே வைக்கப்போகிறார்கள். ஆனால் அதன் அருகில் தொங்கப்போகும் பலகையில் என்ன எழுதுவார்கள் தெரியுமா? "இதன் இயங்குதளமான 'வல்லூறு', அமெரிக்க இயங்குதளம் ஒன்றின் பெயர் மாற்றப்பட்ட நகல்."

நகலாம்! நீ ஐந்து வருஷம் ராத்திரி பகல் பாராமல் எழுதியது. எந்த வேலை முதலில், எது அப்புறம் என்று அந்த இரும்பு அலமாரியைக் கட்டி மேய்த்ததே உன் வல்லூறுதான். அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினேன். அங்கிருந்த பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "மூல நிரல் இருந்தா கொண்டு வாங்கம்மா, பாக்கறோம். இல்லேன்னா பேராசிரியர் சொல்றதுதான்."

வல்லூறின் மூல நிரலைப் பதிந்து வைத்த அந்தக் காந்த நாடாக்கள் எங்கே போயின? உடனே எழுது. டிசம்பரில் நம் குடும்பப் புனிதர் நிக்கோலாவின் நாளுக்கு வருகிறாய்தானே? உன் நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை.

அண்ணிக்கு என் முத்தங்கள்.
தங்கை விதா

*

லின்ஸ்,
3 நவம்பர் 2008

அன்புத் தங்கை விதாவுக்கு,

நாங்கள் நலம். உன் முட்டிக்கு முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டிப் பார். இங்கே மழை. தண்டவாளத்தில் இலை விழுந்து டிராம் வழுக்குகிறது. அது ஒன்றுதான் இப்போதைய விசேஷம். அண்ணி ஆப்பிள் ரொட்டி செய்தாள், நன்றாக வந்தது. மேல்வீட்டுக்காரர் நாய் வாங்கியிருக்கிறார். சிறிய நாய், பெரிய குரல்.

நாடா இரண்டு பிரதி இருந்தது. ஆலை மூடியபோது குப்பையோடு போயிருக்கும். பலகையில் என்ன எழுதினால் என்ன? வருகிறவர்கள் கழிப்பறை எங்கே என்றுதான் தேடுவார்கள்.

நிக்கோலா நாளுக்கு வேலை மாற்ற முடியவில்லை.

அண்ணன்
டிஹோமிர்

*

வால்யெவோ,
16 நவம்பர் 2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் மேல்வீட்டு நாய் உட்பட அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். முட்டைக்கோஸ் வைத்தியம் பலித்தது. முட்டி வலி அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது பசிக்கிறது.

நாய்க்கு இரண்டு வரி எழுதினாய், நாடாவுக்கும் அதே இரண்டு. கவனித்தேன், சொல்லவில்லை.

நான் துப்பறிந்துவிட்டேன்! ஆலை மூடிய வாரம் ஆளாளுக்குக் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போனார்கள் அல்லவா? கணக்குப் பிரிவு ஸ்பாசேனியா அக்கா, நாடா வைக்கும் வட்டமான நீலப் பெட்டிகளைத் தூக்கியிருக்கிறாள். எதற்கு? கேக் வைக்க! போன ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். வால்நட் கேக் வெட்டி வைத்தாள். பெட்டி மூடியில் உன் கையெழுத்து: "வல்லூறு, மூலம், மூன்றாம் பதிப்பு."

"அக்கா, இதுக்குள்ள ஒரு நாடா இருந்துச்சே?"

"அந்தப் பழுப்பு ரிப்பனா? இருந்துச்சு. செர்ரி மரத்துல கட்டிட்டோம், குருவி வராம இருக்க. என்னா பளபளப்புங்கிறே! அந்த வருஷம் ஒரு பழம் சேதாரமில்ல."

அண்ணா, நீ பெயர் வைத்தபோது நினைத்தது வேறு. கடைசியில் வல்லூறு குருவி விரட்டியிருக்கிறது. தொழிலில் அது தோற்கவில்லை.

நான் அழ ஆரம்பித்ததும் அக்கா பயந்துபோய், "அடியேய், அழாதே, இன்னொரு பெட்டி இருக்கு. அதை எடுக்கல. அதுக்குள்ள மரத்தை வெட்டிட்டாரு உங்க மாமா" என்றாள். பரணிலிருந்து இரண்டாவது பிரதி இறங்கியது, முழுசாக! கேக்கை விட்டுவிட்டு ஓடிவந்தேன். (ஒரு துண்டு கைப்பையில்.)

ஆலையில் நாடா இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட ராடிசாவ் நினைவிருக்கிறாரா? மீசைக்காரர், தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்பவர். ஒரு நாடா இயந்திரத்தை இன்னமும் தன் கார் கொட்டகையில் ஓடுகிற நிலையில் வைத்திருக்கிறார். நாளை வந்து பார்க்கிறார்.

உன் சந்தோஷக் கூச்சலை எதிர்பார்க்கும்,
விதா

*

வால்யெவோ,
21 டிசம்பர் 2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? கூச்சல் வரவில்லை. முணுமுணுப்புக்கூட வரவில்லை.

நிக்கோலா நாள் நன்றாக நடந்தது. நம் வழக்கப்படி யாரையும் அழைக்கவில்லை, எல்லோரும் வந்தார்கள். நோன்பு மீன் விருந்து. காப்பிக்கு மட்டும் வந்தவர்களை முதலில் கவனித்து வாசலோடு அனுப்பினேன். சாப்பிட வந்தவர்களைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தேன். நீதான் சின்ன வயதில் இந்த வேலையை எனக்குச் சொல்லித்தந்தாய். உன் நாற்காலியில் ராடிசாவ் உட்கார்ந்தார். நான் சொல்லவில்லை, அவராகத்தான்.

நாடாவைச் சும்மா ஓட்ட முடியாதாம். பழசானதால் அதன் பூச்சு ஈரம் குடித்துப் பிசுபிசுக்கிறது. அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்துவிடும், எழுத்தும் அதோடு போய்விடும். மெல்லிய சூட்டில் ஒரு நாள் முழுக்க உலர்த்த வேண்டும். உலர்ந்த பிறகும் ஒரு தடவைதான் தைரியமாக ஓட்டலாம்.

"அந்தச் சூடு எதுல கிடைக்கும்?" என்றேன்.

"பிளம் பழம் காயவைக்கிற பெட்டியிலதான். கச்சிதமான சூடு. உங்கிட்ட இருக்கில்ல?" என்றார்.

வால்யெவோவில் பிளம் உலர்த்தி இல்லாத வீடு உண்டா? ஆனால் சூடு கொஞ்சம் மிஞ்சினால் உலகில் மிச்சமிருக்கும் ஒரே பிரதியும் கொத்துக்கறி. நீ சரி என்றால் செய்கிறோம்.

விதா

*

லின்ஸ்,
9 ஜனவரி 2009

விதா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நலம்.

நாடாவைத் தொடாதே. பெட்டியை அப்படியே வை. காரணம் கேட்காதே.

டிஹோமிர்

*

வால்யெவோ,
25 ஜனவரி 2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

காரணம் கேட்கவில்லை. உன் சொல்லை மீறவும் இல்லை. நாடாவை நான் தொடவே இல்லை. தொட்டதெல்லாம் ராடிசாவ்தான், அதுவும் கையுறை போட்டு.

உன் முந்தைய கடிதத்தில் "அன்புத் தங்கை" இருந்தது, மழை இருந்தது, ஆப்பிள் ரொட்டி இருந்தது. இந்த முறை உன் உடம்பைப் பற்றி ஒரே ஒரு சொல். நான் பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். வருகிறவர் எந்தப் பக்கம் கடிக்காமல் மெல்லுகிறார் என்று பார்த்தே எந்தப் பல் என்று சொல்லிவிடுவேன். நீ இந்த நாடாப் பக்கம் கடிக்கவே மாட்டேன் என்கிறாய்.

உன் பதில் வரும்வரை உலர்த்தியின் பிளக்கைச் சொருகமாட்டேன். ஆனால் மே மாதம் காத்திருக்காது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.
விதா

*

லின்ஸ்,
2 மார்ச் 2009

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு அடித்தேன். நன்றாகத் தூங்கவில்லை.

சொல்லிவிடுகிறேன். ஸ்வெடோமிர் பொய் சொல்கிறான் என்று எனக்கு உறுதியில்லை. அந்த அமெரிக்க இயங்குதளத்தின் கையேடு என் மேசையில் வருஷக்கணக்காகக் கிடந்தது. அதிலிருந்து கற்றேன். கற்றது எங்கே முடிந்தது, என்னுடையது எங்கே தொடங்கியது என்று இப்போது நினைவில்லை. முப்பது வருஷமாகிவிட்டது. அவன் கட்டுரை வந்த நாளிலிருந்து டிராமில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யோசிக்கிறேன். ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

நாடா படிக்கப்படாமல் இருக்கும்வரை நான் அதை எழுதியவன். படித்துவிட்டால், ஒருவேளை, வெறும் பெயர் மாற்றியவன். இந்தப் பயம்தான் காரணம். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது உனக்குத் தெரியும். நீயே முடிவு செய்.

டிஹோமிர்

*

வால்யெவோ,
22 மார்ச் 2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் நலம் நலம்! இன்று முட்டிகூட நலம்.

உன் கடிதத்தை ஒரு நாள் முழுக்கக் கைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். அப்புறம் முடிவு செய்தேன். நகல்தான் என்றால் அதையும் நாமே முதலில் தெரிந்துகொள்வோம், பலகையில் படிக்க வேண்டாம். செய்வதைத் திருட்டுத்தனமாகச் செய்யவும் வேண்டாம் என்று பேராசிரியர் ஸ்வெடோமிருக்கே எழுதினேன்: "வந்து கண்ணால் பாருங்கள். சாப்பாடு உண்டு." கடைசி இரண்டு சொல்லுக்காகத்தான் வந்தார் என்பது என் கணிப்பு.

சனிக்கிழமை உலர்த்தியில் பிளம் தட்டுகளை எடுத்துவிட்டுச் சுருளை வைத்தோம். ராடிசாவ் வெப்பமானியோடு காவல். நான் கதவருகே போனால்கூட, "விதா, மூச்சு விடாதே, காத்து மாறுது" என்று அதட்டல். என் சொந்தச் சமையலறையில்! ஞாயிறு முழுக்க ஆறவிட்டு, திங்கட்கிழமை மதியம் கார் கொட்டகையில் ஓட்டினோம். கொட்டகை முழுக்கப் பிளம் வாசனை. சுருள் சுழல ஆரம்பித்ததும் பேராசிரியர் கையிலிருந்த முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். வரிகள் ராடிசாவின் கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொன்றாக விழுந்தன. உன் வரிகள், நீ இடையிடையே எழுதிவைத்த குறிப்புகளோடு!

கிழமை கணக்கிடும் பகுதி வந்தது. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இது தப்பாச்சே" என்றார். "கிழமை ஒரு நாள் பின்னாடி போகுது. அமெரிக்கக்காரன் இப்படி எழுதமாட்டானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்சி அட்டை சட்டைப்பையில், சர்ச் நாள்காட்டி மேசை இழுப்பறையில் என்று வாழ்ந்தவன் நீ. அந்த நாள்காட்டியில் ஒவ்வொரு கிழமைக்கும் இரண்டு தேதி, அரசாங்கத்துக்கு ஒன்று, தேவாலயத்துக்கு ஒன்று, நடுவே பதின்மூன்று நாள் வித்தியாசம், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. நீ அவசரத்தில் தேவாலயத் தேதியைப் பார்த்துக் கணக்கைத் தொடங்கியிருக்கிறாய். அதனால் திங்கட்கிழமை அறிக்கையெல்லாம் "ஞாயிறு" என்று அச்சானது. கம்ப்யூட்டர் அறை ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையும் உழைக்கிறார்கள் என்று இயக்குநர் நெகிழ்ந்துபோய் விருது கொடுத்தாரே!

அதற்கு அடுத்த வரியில் உன் குறிப்பு. பேராசிரியரே உரக்க வாசித்தார்: "பதின்மூன்று நாள் பிசகு தெரியும். விருது விழாவில் தோழர் ஸ்வெடோமிர் நம்மைப் புகழ்ந்து வாசித்து முடிக்கும்வரை யாரும் திருத்தாதீர்கள்."

ராடிசாவ் தன் மீசையைக் கடித்துக்கொண்டார்.

பேராசிரியர் முகம் ஊறுகாய் மிளகாய் நிறத்துக்குப் போனது. "நாப்பத்தஞ்சு நிமிஷம் வாசிச்சேன்யா அன்னிக்கு! தொண்டை கட்டிப்போச்சு! பாவிப்பசங்களா!" என்று கத்திவிட்டு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. கண்ணைத் துடைத்ததும் சொன்னார்: "நாள்காட்டி டிஹோமிரோடதுதான், ஒத்துக்கறேன். இயங்குதளத்தோட உயிர் நாள்காட்டியில இல்லம்மா. எந்த வேலை முதல்ல, எது அப்புறம்னு முடிவு பண்ற பகுதியிலதான் இருக்கு. நான் நகல்னு சொல்றது அதைத்தான்."

அந்தப் பகுதியில்தான், அண்ணா, நாடாவில் ஒரு இடம் கீறிப்போயிருக்கிறது. நட்டநடுவில் சில வரிகள் இல்லை. தலை இருக்கிறது, வால் இருக்கிறது, வயிறு இல்லை. ஆனால் முடிவில் அந்தப் பகுதியின் எல்லா எழுத்துகளையும் எண்களாக மாற்றிக் கூட்டிய தொகை பதிவாகியிருக்கிறது. விடுபட்ட வரிகளில் ஒரு புள்ளி மாறினாலும் தொகை ஒத்துவராது.

பேராசிரியர் சொன்னார்: "எழுதினவன் அவன்னா, அவனே நிரப்பட்டும்."

இடைவெளிக்கு முன்னால் உள்ள பக்கத்தையும் பின்னால் உள்ள பக்கத்தையும் அச்சிட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீ பார்.

விதா

*

லின்ஸ்,
30 மார்ச் 2009

அன்புத் தங்கை விதாவுக்கு,

நலம். உடனே எழுதுகிறேன்.

உன் உறையைக் கடைசி நிறுத்தத்தில், ஓட்டுநர் இருக்கையிலேயே பிரித்தேன். முன்பக்கத்தின் முதல் வரியைப் படித்ததும் கை தானாகப் பேனாவைத் தேடியது. வேறு தாள் இல்லை; பயண அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதினேன். யோசிக்கவே இல்லை, விதா. நடுவில் நிறுத்தவும் இல்லை. பயணிகள் ஜன்னலைத் தட்டித் திட்டிக்கொண்டிருந்தார்கள். எழுதி முடித்த பிறகுதான் கதவைத் திறந்தேன்.

அந்த அட்டவணையையே இந்த உறையில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு வரி தவறு. எழுதும்போதே தெரிந்தது. ஆனால் அன்றும் அப்படித்தான் எழுதினேன், எனக்கு நன்றாகத் தெரியும். யாரும் திருத்தக் கூடாது.

தொகை ஒத்துவந்தால் சொல். வராவிட்டாலும் சொல்.

ராடிசாவ் என் நாற்காலியில் இன்னமும் உட்காருகிறாரா?

அண்ணன்
டிஹோமிர்

*

வால்யெவோ,
20 ஏப்ரல் 2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள்! உன் பங்குக்கு ஒரு சிவப்பு முட்டை எடுத்து வைத்திருக்கிறேன். முட்டையோடு முட்டை மோதும் விளையாட்டில் ராடிசாவின் முட்டையை அது உடைத்துவிட்டது. நாங்கள் எல்லோரும் நலம். "நாங்கள்" என்றால் யார் யார் என்று கேட்காதே. கார் கொட்டகை ஒழுகுகிறது என்பதால் நாடா இயந்திரம் இப்போது நம் வீட்டு உள்ளறையில் இருக்கிறது. இயந்திரத்தை அடிக்கடி பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமல்லவா? அவ்வளவுதான்.

தொகைக்கு வருகிறேன். பேராசிரியர் மறுபடி வந்தார். இந்த முறை சாப்பாட்டைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை. உன் அட்டவணையைப் பார்த்து ராடிசாவ் தட்டச்சு செய்தார். தொகை ஒத்துவரவில்லை.

பேராசிரியர் மெதுவாக, நிஜமாகவே வருத்தத்தோடு, "முப்பது வருஷம்மா. யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?" என்றார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. ராடிசாவ் தட்டும்போது ஒரு இடத்தில் "ம்ஹும்" என்று தலையை ஆட்டினார். தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லாத மனிதரின் "ம்ஹும்" எனக்கு அத்துப்படி.

"ராடிசாவ், எதையாவது திருத்தினீங்களா?"

"சின்னதுதான். கைத்தவறுதலா எழுதியிருந்தாரு, நான் சரி பண்ணிட்டேன்."

"யாரும் திருத்தக் கூடாதுன்னு எழுதியிருக்காருல்ல?"

"அது தெரியாதவங்களுக்கு விதா. எனக்கா?"

நான் சொன்னதை இங்கே எழுதினால் தபால்காரருக்கே கூச்சமாக இருக்கும். அந்த வரியை நீ எழுதியபடியே, தவறோடு, திரும்பத் தட்டினார்.

ஒத்துவந்தது, அண்ணா! கடைசி இலக்கம் வரை!

பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை, எழுந்தவர் உட்காரவில்லை. நீ எழுதிய வரிகளை நின்றபடியே படித்தார். "அமெரிக்கக்காரனுது வந்த வரிசையில வேலையை எடுக்கும். இவன் சின்ன வேலைய முன்னாடி முடிச்சுடறான், பெருசைக் காக்க வைக்கிறான்... காப்பிக்கு வந்தவன முதல்ல அனுப்பிடறான், விருந்துக்கு வந்தவன உட்கார வைக்கிறான். அம்மாடி, இது நம்ம நிக்கோலா நாள் வீடு! இதை அமெரிக்காவுல எவன் எழுதுவான்?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "இப்படி ஒருத்தன் எழுதின தப்பைக்கூட மாத்தாம முப்பது வருஷம் மண்டையில வெச்சிருந்தா, அது அவனுதுதாம்மா. நான் எழுதினது தப்பு. பத்திரிகையிலயும் போடறேன்" என்றார். உடனே ராடிசாவைப் பிராந்தி ஊற்றச் சொன்னார். ஊற்றிய பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

பலகை மாறிவிட்டது. புதிய வாசகம்: "வல்லூறு இயங்குதளம். எழுதியவர் டிஹோமிர், வால்யெவோ." பேராசிரியர் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றி ஓட்டியும் பார்த்துவிட்டார். "வல்லூறு தயார்" என்று அச்சடித்ததாம். மே மாதத்துக்கு வா. வேலை மாற்ற முடியவில்லை என்று எழுதினால் நான் நேரே உன் மேலதிகாரிக்கு எழுதுவேன், என் கையெழுத்தில்.

விதா

*

லின்ஸ்,
2 மே 2009

அன்புத் தங்கை விதாவுக்கு,

உடம்பு நலம். மனசு அதைவிட நலம். உன் கடிதத்தை அண்ணிக்கு ஜெர்மனில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ராடிசாவின் "ம்ஹும்"முக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நாங்கள் இருவரும் பதினாலாம் தேதி பஸ்ஸில் வருகிறோம். ராடிசாவிடம் சொல்: நாற்காலியை அவரே வைத்துக்கொள்ளட்டும், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். அவரைத் திட்டாதே. தட்டச்சை மட்டும் அவர் கையில் விடாதே.

இப்போது வேலைப் பேச்சு. அந்தத் தவறான வரி என்னவென்று சொல்கிறேன். காப்பிக்கு வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தால், விருந்துக்கு வந்தவரின் முறை வரவே வராது. அவர் உட்கார்ந்தே கிடப்பார். வருஷாந்திர இருப்புக் கணக்கு டிசம்பர் முழுக்க ஓடாமல் நின்றதே, அது இதனால்தான். நாங்கள் இயந்திரத்தைத் திட்டினோம். பாவம், அதன்மேல் குற்றமில்லை.

திருத்தம் சுலபம். ஒவ்வொரு காப்பி விருந்தாளியையும் அனுப்பும்போது, காத்திருப்பவரின் முறையை ஒரு படி உயர்த்த வேண்டும். ஒரே வரிதான். முந்தாநாள் ஒரு கடைக்குப் போய் விசைப்பலகையோடு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கினேன், அண்ணி சிரிக்கிறாள். அந்த வரியை அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். ஸ்வெடோமிரிடம் கொடு. பழைய வரியை அழிக்க வேண்டாம், அது நான் எழுதியது. பக்கத்தில் இதைப் போடட்டும், இதுவும் நான் எழுதியது. பலகையில் இடமிருந்தால் "நான்காம் பதிப்பு, 2009" என்று சேர்க்கச் சொல். இடமில்லை என்றால் பெரிய பலகை வாங்கச் சொல்.

இன்னும் இரண்டு தவறு கண்டுபிடித்திருக்கிறேன். நேரில் வந்து சொல்கிறேன்.

உன் அண்ணன்
டிஹோமிர்